ட்ரைவர் வராதுன்னா, யார் தரலைன்னு கேளுங்க

கண்டி டவுன்ல ஒரு கடை. பெயர் வேணாம். நல்ல கடைதான், என்னோட போனை ரெண்டு தடவை ஒழுங்கா திருத்தித் தந்திருக்காங்க. தெல்தோட்டை பஸ்ஸுல மடியில வச்சிக்கிட்டு வந்த எங்க வாசிகசாலை பிரிண்டரை அந்தக் கடை மேசையில இறக்கினேன். அங்க இருந்த தம்பி மெசினைத் தொடவே இல்ல. மொடல் நம்பரை மட்டும் வாசிச்சாரு. "அக்கா, இதுக்கு விண்டோஸ் 11ல ட்ரைவர் வராது. இதுக்கு மேல செலவழிக்காதீங்க. புதுசு ஒண்டு எடுங்க."

பிளக்கைக் குத்தச் சொன்னேன். லேசர் பிரிண்டர் பலதுல பக்கவாட்டில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ள பேனா முனையை விட்டு அழுத்தினா, கொம்பியூட்டர் எதுவும் இல்லாமலே கோடு கோடா ஒரு சோதனைத் தாள் வெளிய வரும். அழுத்தினேன். சூடான தாள் வந்திச்சு. கோடு ஒண்ணு கூட உடையல. தம்பி அதைப் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு. "ஆனா ட்ரைவர் வராதே அக்கா"ன்னு திரும்பவும் சொன்னாரு.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த "வராது"ங்கிற சொல்லு மேலதான். மழை வராதுங்கிற மாதிரி, கலஹா ரோட்ல மண் சரிஞ்சா பஸ் வராதுங்கிற மாதிரி, ட்ரைவரும் வராது. யாரும் எதுவும் செய்யல, தானா நடந்து போச்சு. அப்படித்தானே காதுல விழுது? ட்ரைவர் வானத்துல இருந்து விழுற சாமான் இல்ல. சம்பளம் வாங்குற ஒரு ஆள் எழுதுறது. எழுத வேணாம்னு சம்பளம் வாங்குற இன்னொரு ஆள் முடிவெடுத்ததாலதான் அது வரல.

முதல்ல அந்த பிரிண்டர் எங்களுக்கு என்னன்னு சொல்லிடுறேன். 2006ல எங்க தோட்டத்து அண்ணன்மார் வீடு வீடா காசு சேர்த்து வாங்கினது. அப்ப நான் பாலர் வகுப்பு. பிறகு வந்த ஓ/எல் பிள்ளைகள் எல்லாருக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு மாதிரி வினாத்தாள் அடிச்சது அதுலதான். என்னோட கணிதப் பாஸ் கூட அந்தத் தாள்கள் வழியாத்தான் வந்திச்சு. போன வருசம் பழைய கொம்பியூட்டரோட மதர்போர்ட் போயிடுச்சு. நல்ல மனசுள்ள சிலபேர் புதுசு ஒண்ணு அன்பளிப்பா கொண்டுவந்தாங்க. பொன்னாடை, ரிப்பன், பேஸ்புக்ல முப்பத்தெட்டு போட்டோ. ஒருத்தர் கூட "இதை எந்தப் பிரிண்டர்ல பூட்டப் போறீங்க?"ன்னு கேக்கல. நாங்களும் கேக்கல, அதையும் சொல்லணும். அடுத்த நாள் வயரைச் செருகினப்பதான் தெரிஞ்சது.

பிரிண்டர் இல்லாட்டி என்ன, கொமியூனிகேசன்ல அடிக்கலாமேன்னு கேப்பீங்க. பக்கம் பதினைஞ்சு ரூபா. கணிதம், விஞ்ஞானம், வரலாறு மூணுக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்கு இருபத்திநாலு பக்கம்னு வையுங்க. ஒரு பிள்ளைக்கு 360 ரூபா. தோட்டத்துல நாட்சம்பளம் 2021ல 1000 ஆச்சு, 2024 செப்டம்பர்லதான் 1350க்கு வந்திச்சு. அந்த 1350ல கால்வாசிக்கு மேல ஒரு கிழமையோட வினாத்தாளுக்கே போயிருக்கும். வீட்டுல ரெண்டு பிள்ளை படிச்சா அம்மா எந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறது? இந்தக் கேள்விக்கு நடுவுல நிக்கிறதுதான் அந்தப் "பழைய" மெசின். டோனர் ஒருதடவை நிரப்பினா ரெண்டாயிரம் பக்கத்துக்குக் கிட்ட அடிக்கும்.

இப்ப, ட்ரைவர் ஏன் வரல?

அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பி பெரும்பாலும் 32 பிட். இப்ப வர்ற விண்டோஸ் 11ல 32 பிட் பதிப்பே கிடையாது, எல்லாம் 64 பிட். 64 பிட் விண்டோஸ் 32 பிட் ட்ரைவரை ஏற்றாது. ஆக, பிரிண்டர் செஞ்ச கம்பனி உக்காந்து 64 பிட்டுக்கு ஒரு ட்ரைவர் எழுதித் தரணும். சில மொடலுக்கு எழுதினாங்க. சிலதுக்கு எழுதல. எங்க மெசினை விட்டுடுவோம், உலகம் அறிஞ்ச உதாரணம் இருக்கு: கெனன் எல்பிபி-810, எல்பிபி-1120. ரெண்டும் 32 பிட்டோட நின்னுபோச்சு. ரஷ்யாவில இருந்து இந்தியா வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்த மெசினை வச்சிக்கிட்டு ஆட்கள் வழி தேடினாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, எனக்கு ரத்தம் கொதிக்கிறதும் அங்கதான். 1984ல ஹெச்பி முதல் லேசர்ஜெட் பிரிண்டரை வித்தாங்க. உள்ளுக்குள்ள இருந்த இயந்திரம் கெனன் செஞ்சது. அந்த மெசினுக்கு ஒரு மொழி தெரியும், பிசிஎல்னு பேரு. கொம்பியூட்டர் "இந்த இடத்துல இந்த எழுத்தை வை"ன்னு சொன்னா மெசினே படம் போட்டுக்கும். 1992ல வந்த லேசர்ஜெட் 4ஐ இன்னைக்கும் புதுக் கொம்பியூட்டர்ல பூட்டலாம். பொதுவான பிசிஎல் ட்ரைவர் ஒண்ணே போதும். ஏன்னா அந்த மொழி இன்னும் பேசப்படுது. அப்புறம் விலையைக் குறைக்க ஒரு வேலை செஞ்சாங்க. பிரிண்டருக்குள்ள இருந்த மூளையை எடுத்துட்டாங்க. பக்கத்தைப் புள்ளி புள்ளியா வரையிற வேலை முழுக்க கொம்பியூட்டருக்குப் போச்சு, ட்ரைவர் வழியா. மெசின் சும்மா கை மட்டும்தான். எங்கள மாதிரி ஆட்கள் வாங்கினது இந்த மூளை இல்லாத மலிவு வகையை. பணக்கார ஒப்பீசுகள் வாங்கினது மொழி தெரிஞ்ச வகையை. அதனாலதான் 1992 மெசின் உயிரோட இருக்கு, 2006 மெசின் "செத்துப்போச்சு". வயசு பிரச்சினைன்னா மூத்தது முதல்ல போயிருக்கணும்.

ஆக மலிவா வாங்கினவனுக்குத்தான் காலாவதித் திகதி. பெட்டிக்கு மேல அது அச்சடிக்கப்படல, அவ்வளவுதான். யோகட் கோப்பைக்கு இருக்கிற மரியாதை கூட இல்ல.

சரி, நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றேன். பெருமைக்கு இல்ல, யாருக்காவது பயன்படும்.

மெய்நிகராக்கம்னு தமிழ்ல பெரிய சொல்லு இருக்கு. விஷயம் லேசு. புதுக் கொம்பியூட்டருக்குள்ள, ஒரு ஜன்னலுக்குள்ள, இன்னொரு பழைய கொம்பியூட்டர் இருக்கிற மாதிரி நடிக்க வைக்கிறது. அந்த நடிப்புக் கொம்பியூட்டருக்குள்ள எக்ஸ்பியைப் போட்டா, எக்ஸ்பிக்கு வெளிய என்ன வருசம்னே தெரியாது. வெர்ச்சுவல்பொக்ஸ்னு ஒரு மென்பொருள், இலவசம். 512 எம்பி ரெம், பத்து ஜிபி டிஸ்க் ஒதுக்கிக் குடுத்தா எக்ஸ்பி ராசா மாதிரி ஓடும். 7.0 பதிப்புக்கு முந்தி யூஎஸ்பி 2.0 வேணும்னா தனியா ஒரு துணைப்பொதி இறக்கணும். இப்ப அடிப்படைப் பொதியிலயே இருக்கு. யூஎஸ்பி பில்டர்ல பிரிண்டரோட பெயரைச் சேர்த்துட்டா, வயரைச் செருகினதும் விண்டோஸ் 11 கையை எடுத்துடும், உள்ள இருக்கிற எக்ஸ்பி பிடிச்சிக்கும். பிறகு பழைய சீடியில இருந்த அதே ட்ரைவரைப் போட வேண்டியதுதான்.

சிக்கல் வராமலா? முதல் ராத்திரி மெசின் ஆரம்பிக்கவே மாட்டேன்னிச்சு. பயோஸ்ல மெய்நிகராக்கம் அணைஞ்சு கிடந்தது. ஏஎம்டி சிப்னா அங்க எஸ்விஎம்னு எழுதியிருக்கும், இன்டெல்னா விடி-எக்ஸ். அதைப் போட்டோம். அப்புறம் ஜன்னல் மூலையில ஒரு பச்சை ஆமை. விண்டோஸ் 11 தன்னோட சொந்த ஹைப்பர்வைசரை உள்ளுக்குள்ள ஓட விட்டிருந்தா வெர்ச்சுவல்பொக்ஸ் அது மேல மெதுவா ஊர்ந்து போகும், அதுக்கான அடையாளம்தான் ஆமை. நாங்க ஆமையோடயே போனோம். வினாத்தாளுக்கு அவசரம் என்ன?

புதுக் கொம்பியூட்டர்ல தாளைத் தயாரிச்சு, பிடிஎப்பாக்கி, ரெண்டுக்கும் பொதுவான போல்டர்ல போடுறோம். எக்ஸ்பி பக்கம் சுமாத்ரா பிடிஎப் 3.1.2, எக்ஸ்பியில ஓடுற கடைசிப் பதிப்பு, அதுல திறந்து அடிக்கிறோம். இதை விட நேர்த்தியான வழியும் இருக்கு. உள்ள கோஸ்ட்ஸ்கிரிப்டை வச்சு, எக்ஸ்பியையே போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிஞ்ச பிரிண்டர் மாதிரி வெளிய காட்டலாம். அப்ப விண்டோஸ் 11ல இருந்தே நேரா பிரிண்ட் குடுக்கலாம். கெட்டிக்காரங்க செய்யுங்க. எங்க வாசிகசாலையில பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வழி போல்டர் வழிதான்.

எதிர்பாராம இன்னொண்ணு கிடைச்சிச்சு. பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோட இருந்தது. அதுல அண்ணன்மார் பேஜ்மேக்கர்ல, பாமினி எழுத்துருவில அடிச்சு வச்ச பத்து வருசத்து வினாத்தாள். புதுக் கொம்பியூட்டர்ல பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த மென்பொருளோட கடைசிப் பதிப்பு 2001ல வந்ததோட சரி. பாமினியில இருந்ததை அப்படியே யூனிகோட் எழுத்துருவில பார்த்தா இங்கிலிஸ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. எக்ஸ்பி ஜன்னலுக்குள்ள திறந்தப்போ எல்லாம் தமிழா இருந்தது. இலங்கைத் தமிழ்ல பாமினிக்குள்ள பூட்டிக் கிடக்கிற மலர்கள், சஞ்சிகைகள், பாடக்குறிப்புகள் எத்தனைன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? அது தனிக் கட்டுரை, இன்னொரு நாள் சண்டை போடுவோம்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம்.

கெம்பஸ்ல கொம்பியூட்டர் படிக்கிற என் நண்பன் சிரிச்சான். "எக்ஸ்பிக்கு பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல்லயே நின்னுபோச்சு. வைரஸுக்கு வெத்திலை வச்சுக் கூப்பிடுறீங்க." சரிதான் மச்சான், ஆனா அந்த எக்ஸ்பிக்கு நாங்க இன்டர்நெட்டே குடுக்கல. நெட்வேர்க் அட்டையையே கழட்டிட்டோம், நடிப்பு அட்டைதானே. அது பார்க்கிறது ஒரு போல்டரையும் ஒரு பிரிண்டரையும் மட்டும். பழுதாச்சுன்னா சேமிச்சு வச்ச ஸ்னெப்ஷொட்டுக்கு ஒரு நிமிசத்துல திரும்பிடலாம்.

இன்னொருத்தர், பெரியவர், "இருபதாயிரம், முப்பதாயிரம் போட்டா புது பிரிண்டர் வருதே, இதுக்கு ஏன் ரெண்டு ராத்திரி?"ன்னாரு. ஐயா, 2022 மறந்துபோச்சா? டொலர் இருநூறுல இருந்து முன்னூத்தறுபதுக்கு ஏறினதும், கடதாசி இல்லாம மேல் மாகாணப் பள்ளிக்கூடங்கள்ல பரீட்சையைத் தள்ளிப்போட்டதும் அந்த வருசம்தான். ஒவ்வொரு புது மெசினும் டொலர்ல வருது. அதுக்கு மேல 18 வீத வற். பழசு எங்க போகும்? கண்டிக் குப்பை கொஹாகொடையில மகாவலிக் கரையில குவியுது. கோடு உடையாம அச்சடிக்கிற ஒரு மெசினை நான் ஏன் அங்க அனுப்பணும்? அதோட, புதுசு இன்னும் எத்தனை வருசத்துல "வராது" ஆகும்னு எந்தக் கடைக்காரராவது எழுதித் தருவாரா?

மூணாவது எதிர்வாதம் எனக்கு நானே சொன்னது, அதுக்குத்தான் எங்கிட்ட முழுப் பதில் இல்ல. அந்த எக்ஸ்பி எங்க இருந்து வந்தது? பழைய கொம்பியூட்டர் பெட்டியில ஒட்டியிருந்த லைசன்ஸ் ஸ்டிக்கர்ல இருந்த இலக்கம். சட்டத்தரணிகிட்ட கேட்டா, அந்த ஸ்டிக்கர் அந்தப் பெட்டியோடயே செத்துப்போச்சுன்னு சொல்லுவாரு. நம்ம நாட்டுல நூறு ரூபா சீடியில விண்டோஸ் வாங்கிப் பழகின தலைமுறை நாங்க. திருட்டு விண்டோஸ் இலவசமா கிடைச்சதாலதான் உண்மையிலேயே இலவசமான லினக்ஸைப் படிக்காம விட்டோம்னு எனக்கு இப்ப படுது. ஏன்னா பல மெசினுக்கு லினக்ஸ்ல பதில் இருக்கு. ஹெச்பி லேசர்ஜெட் 1020ஐ எடுங்க. ஒவ்வொரு தடவை ஒன் பண்ணும்போதும் தன்னோட புத்தியையே கொம்பியூட்டர்ல இருந்து ஏத்திக்கிற மெசின் அது. அதுக்கு ரிக் ரிச்சர்ட்சன்னு ஒருத்தர் "பூ2இசட்ஜேஎஸ்"னு ட்ரைவர் எழுதி எல்லாருக்கும் திறந்து விட்டாரு. வெர்ச்சுவல்பொக்ஸுக்குள்ள எக்ஸ்பிக்குப் பதிலா டெபியனைப் போட்டு, கப்ஸ் வழியா பிரிண்டரைப் பகிர்ந்தா திருட்டும் இல்ல, ஸ்டிக்கரும் வேணாம். எங்க மெசினுக்கு அந்த வழி சரிவரல, அதனாலதான் எக்ஸ்பி. ஆனா முதல்ல முயற்சி செய்ய வேண்டியது லினக்ஸைத்தான்.

"பார்த்தியா, நம்ம பொடியன்களோட மூளையை!"ன்னு இந்த மாதிரி கதைகளைக் கொண்டாடுற பதிவுகளும் எனக்குப் பிடிக்கல. ஒரு முழுக் கொம்பியூட்டருக்குள்ள இன்னொரு முழுக் கொம்பியூட்டரை ஓட விட்டு ஒரு தாளை அச்சடிக்கிறது கெட்டிக்காரத்தனம்னு நான் நினைக்கல. பாலத்தை உடைச்சவனை விட்டுட்டு, ஆத்துல நீந்தினவனுக்கு மாலை போடுற வேலை அது. நீந்தக் கத்துக்கோங்க, வேணாம்னு சொல்லல. பாலத்தையும் கேளுங்க.

கேட்டவங்க இருக்காங்க. 1980 வாக்குல அமெரிக்காவில எம்ஐடி ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் குடுத்திச்சு. தாள் சிக்கினா ஆட்களுக்குத் தகவல் போற மாதிரி அதோட மென்பொருளை மாத்தணும்னு ரிச்சர்ட் ஸ்டோல்மன்ங்கிறவர் மூலநிரலைக் கேட்டாரு. அது கையில இருந்த ஆள், தரமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்னு மறுத்துட்டாரு. 1983ல அவர் க்னூ திட்டத்தை அறிவிச்சதுக்குப் பின்னால அந்தக் கோபமும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தோட வேர்ல ஒரு பிரிண்டர் ட்ரைவர் சண்டை கிடக்குதுன்னு எத்தனை ஐசீரீ வகுப்புல சொல்லித் தர்றாங்க?

மைக்ரோசொப்ட்டுக்கும் இந்தப் பிரச்சினை தெரியாததில்ல. 2009ல விண்டோஸ் 7 வந்தப்போ, புரொபெஷனல் மாதிரியான மேல்மட்டப் பதிப்புகளுக்கு "எக்ஸ்பி மோட்"னு ஒரு மெய்நிகர் எக்ஸ்பியை, லைசன்ஸோட, இலவசமா அவங்களே குடுத்தாங்க. நாங்க இப்ப ஸ்டிக்கரைச் சுரண்டிச் செய்யிற அதே வேலை. விண்டோஸ் 8ல நிப்பாட்டிட்டாங்க. 2023 செப்டம்பர்ல இன்னொரு அறிவிப்பு: கம்பனிகள் தனித்தனியா எழுதுற பிரிண்டர் ட்ரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியா பராமரிக்கிறதைப் படிப்படியா விடப் போறோம்னு. காரணம் பாதுகாப்பு. 2021ல பிரிண்ட்நைட்மெயார் ஓட்டை வந்து உலகமே அலறினதால அந்தக் காரணத்தை நான் பொய்னு சொல்லமாட்டேன். இனி மொப்ரியா, ஐபிபி மாதிரி பொது மொழி பேசுற பிரிண்டருக்கு ட்ரைவரே வேணாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பொது மொழி தெரியாத லட்சக்கணக்கான மெசினுக்கு யார் பொறுப்பு? மொப்ரியாவை 2013ல ஆரம்பிச்ச நாலு கம்பனியில கெனனும் ஹெச்பியும் இருக்கு. மூளை இல்லாத மெசினை எங்களுக்கு வித்தவங்களும் இவங்கதான். விக்கிறதை நிப்பாட்டின ட்ரைவரோட நிரலையாவது திறந்து விடுங்கன்னு கேட்டா என்ன நட்டம் உங்களுக்கு? வேற யாராவது எழுதிக்குவாங்களே, ரிச்சர்ட்சன் எழுதின மாதிரி.

இது பழைய கதை, முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. பாதி ஸ்கேனர், பார்கோட் மெசின், கொமியூனிகேசன் பிரிண்டர் எல்லாம் அதுலதான் தொங்கிக்கிட்டிருக்கு. அடுத்த கொம்பியூட்டர் மாறும்போது அதே கடை, அதே வசனம்.

அதனால அன்பளிப்பு குடுக்கிற அண்ணாமார், அக்காமாருக்கு: பொன்னாடைக்குப் போடுற காசுல ஒரு போன் எடுத்து, அங்க என்ன மெசின் இருக்குன்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துக்கு பிரிண்டர் வாங்குற அதிபர்மார், பெற்றோர் சங்கத்துக்கு: நிமிசத்துக்கு எத்தனை பக்கம்னு கேக்கிறதுக்கு முந்தி "இதுக்கு பிசிஎல் தெரியுமா, போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியுமா, மொப்ரியா இருக்கா?"ன்னு கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியாட்டி அவரும் தேடிப் பார்க்கட்டும். ட்ரைவர் சீடி வீட்டு அலுமாரியில கிடந்தா அதை பிடிஎப் நோட்டை விடப் பத்திரமா வையுங்க. எங்க சீடி கிடைச்சது ஒரு அண்ணனோட கல்யாண அல்பத்துக்கு அடியில.

கண்டியில டோனர் நிரப்புற நானா ஒருத்தர் இருக்காரு, எங்க மெசினை இத்தனை வருசமா உயிரோட வச்சிருந்தது அவர்தான். கதையைச் சொன்னேன். "தங்கச்சி, என்ட கடைக்குப் பின்னால இப்பிடி ட்ரைவர் வராதுன்னு விட்டுட்டுப்போன மெசின் பதினொண்டு கிடக்குது. அதுல எத்தின இப்பிடி எழும்பும்?"ன்னாரு. போன சனிக்கிழமை நாலைப் பார்த்தோம். மூணுக்கு லினக்ஸ் ட்ரைவரே இருந்திச்சு. அவர் கடைக் கொம்பியூட்டருக்கு டெபியன் மெய்நிகர் மெசினை பென் ட்ரைவ்ல கொண்டு போயிருந்தேன், ஆனா அந்த பென் ட்ரைவ் பழைய பெட்32, நாலு ஜிபிக்கு மேல ஒரே கோப்பை ஏத்துக்காது. பாதியில நின்னுபோச்சு. வர்ற சனிக்கிழமை போர்மட் பண்ணி எடுத்துக்கிட்டுப் போகணும். மிச்சம் ஏழு மெசின் இருக்கு.